பெருமாநல்லூர் பக்கம்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை
படிவத்தோடு உட்காருவேன்.
பதினான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும்
குறைவு, நடுத்தரம், அதிகம்.
கடைசியில் கூட்டிப் போட வேண்டும்
மளிகைச் சிட்டை மாதிரி.

சடையம்மாளுக்குப் பத்தொன்பது. கல்வராயன் மலை.
மூன்று வருடம் முடிந்தால்
மொத்தமாய்த் தருவதாகச் சொன்ன பணத்துக்காக
அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டே
இரண்டரை வருடம் நடந்தவள்.
மதிலிலிருந்து குதித்த கணுக்கால்
மழை வருவதை
எங்களுக்கு முன்பே சொல்லிவிடும்.

ஆடியில் கேட்டேன்: தூக்கம் வருகிறதா?
‘வருதுக்கா. சங்கு ஊதினா மட்டும் முழிப்பு தட்டிரும்.’
இங்கே ஏது சங்கு?
ஆறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு மில்லில்
ஷிப்ட் மாறுவது
மேல்காற்று அடித்தால் கேட்கும்.
காற்றுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
நடுத்தரம் என்று வைத்தேன்.

ஜமுனா மாஜிக்கு
மொழிபெயர்க்க வருகிற பையன்
இதற்கு முன் யாருக்காக மொழிபெயர்த்தான்?
இதுவும் கேள்விகளில் இல்லை.
அவன் இருக்கையில்
எல்லாவற்றுக்கும் ‘நல்லா இருக்கேன்’ என்கிறாள்.
தமிழிலேயே.

நான்காவது கேள்வி:
இருப்பிடம் ரகசியமாக உள்ளதா?

கேட்டில் பலகை கிடையாது.
பால்காரரிடம் ‘ஹாஸ்டலுங்க’ என்று
மருதாசலம் சொல்லி வைத்திருக்கிறார்.
சிலிண்டர் புத்தகம் வேறு பெயரில்.
ஆனால் கோர்ட்டிலிருந்து வந்த சம்மனில்
கதவு எண் வரை இருந்தது.
கீழே சின்ன எழுத்தில்,
நகல்: எதிர்த்தரப்பு வக்கீல்.
அன்றைக்கே புகார் எழுதிப் போட்டேன்.
கை நடுங்கவில்லை.
பிறர் தப்பை எழுதும்போது
என் கையெழுத்து அழகாக இருக்கும்.

ஆவணியில் காங்கேயத்தில் ஒரு கல்யாணம்.
யாருக்கு யார் பங்காளி, யாருக்கு யார் மச்சான் என்பது
எங்கள் பக்கத்தில்
இலை போட்ட பிறகுதான் துலங்கும்.
பக்கத்து இலை செல்லமுத்தண்ணன்,
அந்த மில்லுக்குப் பஞ்சு எடுத்துக் கொடுப்பவர்,
என் அப்பாவின் சாவுக்குத் தோள் கொடுத்தவர்,
வாயில் போட்ட பருப்புச் சோற்றோடு கேட்டார்:
‘அந்தப் புள்ளைங்கள வெச்சிருக்கறது
எங்கீங் அம்மிணி?’

‘பெருமாநல்லூர் பக்கம்’ என்றேன்
ரசத்துக்குக் கையைக் குழித்தபடி.

அவ்வளவுதான். தெருப் பேர் சொல்லவில்லை.
பக்கம் என்றுதான் சொன்னேன்.
பக்கம் என்றால் நாலு திசையும் பக்கம்தானே
என்று ஒரு மாதமாய்
எனக்கு நானே வக்கீல்.

புரட்டாசி இரண்டாம் சனி.
எதிர் டீக்கடையோரம் வெள்ளை ஆம்னி.
‘ரெண்டு நாளா நிக்குதுங்க’ என்றார் மருதாசலம்.
‘டீ குடிக்க வந்தவிய மாதிரி தெரியலீங்க.’

சடையம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.
மாடிக் கொடியில் காய்ந்த சுடிதாரை
எடுத்து மடித்தாள்.
மறுநாளிலிருந்து
மாடிக்கே போகவில்லை.
உணவு: நன்று. நடத்தை: அமைதி.
கூட்டிப் பார்த்தால், குறைவு.

வண்டி சம்மனைப் படித்து வந்திருக்கலாம்.
அப்படித்தான் இருக்கும் என்று
எழுதிவிடலாம்.
தாளும் இடம் கொடுக்கிறது.

ஐப்பசி முதல் செவ்வாய்.
பதினான்கும் முடிந்தபின் அடியில்
இரண்டு விரற்கடை வெள்ளை மிச்சம்.
ஸ்கேல் வைத்துக் கோடிழுத்தேன்.
15. இருப்பிடத்தை வெளியில் சொன்னவர்:
என் பெயரும் இனிஷியலும்.
அதிகம்.

எதிரில் இருந்தவள்
தலைகீழாகவே வாசித்துவிட்டாள்.
ஆறாம் வகுப்பு வரை போனவள்.
நான் நிமிரும் வரை காத்திருந்து
நிமிர்ந்ததும் பார்வையை
மேஜை விளிம்புக்குக் கொண்டுபோனாள்.

இன்று ராத்திரிக்குள் வேறு வீடு,
பையைக் கட்டு என்றேன்.
எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை.
சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

‘துணி இன்னும் காயலக்கா’ என்றாள்.
‘கட்டிலுக்கு அடியிலதான் விரிச்சிருக்கேன்.
ரெண்டு வாரமா.’